லினக்ஸ் சர்வர் மக்கர் பண்ணினால் யாரிடம் கேட்பது? சக பயனர் உதவி பற்றி ஒரு விமர்சனம்

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளோ, லினக்ஸின் உறவுக்கார சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டியோ, எதை சர்வரில் போட்டு ஓட்டினாலும், சந்தா கட்டாதவரை கஸ்டமர் கேர் என்று ஒன்று கிடையாது. டிக்கெட் எண் இல்லை, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று காதில் ஓதும் குரலும் இல்லை. இருப்பதெல்லாம் அதே சிஸ்டத்தை உலகத்தின் வேறொரு மூலையில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு ஆள்தான். உங்களுக்கு உதவுவதால் அவருக்குப் பத்துப் பைசா வரப்போவதில்லை, உங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது, ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் தட்டுகிறார். சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு என்பதால் இந்த உதவியை நிறையவே வாங்கியிருக்கிறேன், கொஞ்சம் திருப்பியும் கொடுத்திருக்கிறேன். ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள், இதற்கு எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தரத்தில், காசு கட்டி வாங்கும் சப்போர்ட்டில் முதலில் போனை எடுக்கும் ஆட்களைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இலவசம் என்று சொல்வது சரியில்லை. இங்கே விலை ஆதாரம். லாக் (சிஸ்டம் எழுதிவைக்கும் நடப்புப் பதிவு) எங்கே, கட்டளையின் வெளியீடு எங்கே, எந்த வெர்ஷன், கடைசியாக எதை மாற்றினாய் என்று கேட்பார்கள். கொடுப்பவருக்குக் கதவு திறக்கும், "சர்வர் வேலை செய்யலை, அர்ஜென்ட், ப்ளீஸ் ஹெல்ப்" என்று மட்டும் போடுகிறவர் நாள் முழுக்கக் காத்திருக்கலாம்.

ஒரு சம்பவத்தை முழுசாகச் சொன்னால்தான் நான் எதைப் புகழ்கிறேன் என்று புரியும். எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரக் கடையில் டெபியன் சர்வர், அதில் ஜாவாவில் எழுதிய பில்லிங் மென்பொருள். ஒரு நாள் காலையில் பில் போட முடியவில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது. அங்கே கணக்கு பார்க்கும் தம்பி ஒருவர் கொஞ்சம் லினக்ஸ் தெரிந்தவர், எனக்குப் போன் பண்ணிவிட்டு, நான் வருவதற்குள் டெபியனின் ஐஆர்சி என்ற பழைய பாணி அரட்டை அறையில் கேள்வியையும் போட்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது உரையாடல் பாதி வழியில் இருந்தது. சரி, நடக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றது. எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று டியூ கட்டளையில் கூட்டிப் பார்த்தால் பாதி இடம் கணக்கிலேயே வரவில்லை. ஐஆர்சியில் பதில் சொன்ன ஆள் கேட்ட முதல் கேள்வி, எந்த வெர்ஷன். இரண்டாவது, டிஎஃப் கட்டளையை சாதாரணமாக ஒரு தடவையும் ஐனோட் கணக்கோடு ஒரு தடவையும் ஓட்டி, வெளியீட்டை இங்கே கொட்டாமல் டெபியனின் பேஸ்ட் தளத்தில் போட்டு இணைப்பைக் கொடு என்றார். ஐனோட் என்பது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு, அது தீர்ந்தாலும் டிஸ்க் நிறைந்ததாகத்தான் பிழைச் செய்தி வரும், குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் அப்படி ஆகும். அது இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: சமீபத்தில் எதையாவது அழித்தாயா? ஆமாம், டிஸ்க் நிறைகிறதே என்று நேற்று ஒரு பெரிய லாக் ஃபைலை அழித்தோம் என்றார் தம்பி. உடனே அந்த ஆள், திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று என்ற விருப்பத்தோடு ஓட்டச் சொன்னார். ஒரே ஒரு வரிதான் கண்ணில் பட்டது. ஜாவா ப்ராசஸ், இணைப்பு எண்ணிக்கை 0, ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டெலீட்டட், அளவு பத்துக் கணக்கான ஜிபி.

யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் ஃபைலை அழித்தால் போவது பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பாது. டியூ பெயர்களை வைத்துக் கூட்டுவதால் அதன் கண்ணில் இது படாது, டிஎஃப் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்பதால் அதற்குத் தெரியும். இதை அவர் இரண்டே வரியில் சொன்னார். தம்பிக்கு மூளையில் பல்பு எரிந்துவிட்டது, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணக் கையைக் கொண்டுபோனார். அப்போது அந்த ஆள் தட்டிய வரிதான் என்னை இந்த விமர்சனமே எழுத வைத்தது: பொறு, அந்த லாக்கில் என்ன இருந்தது என்று பார்த்தாயா? ரீஸ்டார்ட் செய்தால் அது நிஜமாகவே போய்விடும். ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள்ளே எஃப்டி என்ற இடத்தில் ஃபைல் இன்னும் உயிரோடு இருக்கிறது, வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணு.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நகல் எடுத்தோம். கடைசிப் பகுதியைப் பார்த்தால் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துவிட்டது என்ற ஒரே பிழை, வரி மாறாமல், முடிவே இல்லாமல். லாக் ஊதிப்போனதற்குக் காரணமே அதுதான். ரீஸ்டார்ட் மட்டும் செய்திருந்தால் அன்றைக்கு பில் ஓடியிருக்கும், சில வாரத்தில் மறுபடியும் நின்றிருக்கும், எதனால் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. போகிற போக்கில் லாக் ஊதாமல் அவ்வப்போது பழையதை ஒதுக்கும் லாக்ரொட்டேட் அமைப்பையும் சொல்லிக்கொடுத்தார். ஜாவா புரோகிராம் லாக்கைத் திரும்பத் திறக்காது என்பதால் நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் முறையை வை, ஆனால் நகலுக்கும் காலி செய்வதற்கும் நடுவே எழுதப்படும் ஓரிரு வரிகள் தொலையலாம், அது பரவாயில்லையா என்று யோசித்துக்கொள் என்றார். தம்பி நன்றி சொல்லி நிமிர்வதற்குள் அந்த ஆள் இன்னொருவருடைய கிரப் பூட் லோடர் பிரச்சினைக்குப் போய்விட்டார்.

டெபியன் ஆட்களின் சுபாவமே இதுதான். கொஞ்சிப் பேச மாட்டார்கள், குசலம் விசாரிக்க மாட்டார்கள், ஆனால் அரைகுறை வேலையை விடமாட்டார்கள். 1993இல் இயன் மர்டாக் தொடங்கியதிலிருந்து இன்றுவரை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத திட்டம் அது, அந்த மிடுக்கு பேச்சிலும் இருக்கும். ஐஆர்சி அறை ஓஎஃப்டிசி நெட்வொர்க்கில் 2006இலிருந்து இருக்கிறது, உள்ளே டிபிகேஜி என்ற பெயரில் ஒரு பாட் உட்கார்ந்து அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஆயத்தப் பதில்களை எடுத்து வீசும். பேக்கேஜ் சிக்கல் என்று போனால் முதல் வேலையாக ஆப்ட் பாலிசி கட்டளையின் வெளியீட்டைக் கேட்பார்கள். எதற்கென்றால், நீங்கள் டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளோடு இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங்கைக் கலந்திருக்கிறீர்களா, உபுண்டுவுக்கான பிபிஏ என்ற தனிப்பட்ட பேக்கேஜ் கிடங்கு எதையாவது சேர்த்திருக்கிறீர்களா என்று அதில் தெரிந்துவிடும். கலந்திருந்தால் அதற்கு ஃபிராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், முதலில் அதை அவிழ்த்துவிட்டு வா என்று கறாராகச் சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்குக் கோபம் வரும். ஆனால் வெவ்வேறு வெளியீடுகளின் லைப்ரரிகள் பின்னிக்கிடக்கும் மெஷினில் எந்த ஆலோசனை என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே அவர்கள் கறாரில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. லேப்டாப்பில் டெபியன் போட்டால் வைஃபை வரவில்லை என்ற கேள்வி முன்பெல்லாம் ஓயாது. வைஃபை சிப் போன்றவை இயங்கத் தேவையான, ஆனால் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். 2022இல் டெபியன் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள், 2023 ஜூனில் வந்த புக்வோர்ம் வெளியீட்டிலிருந்து ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரோடே வருகிறது. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிடக் கேள்விக்கான காரணத்தையே எடுத்துவிடலாம் என்ற யோசனை எந்த கால் சென்டருக்காவது வந்து பார்த்திருக்கிறீர்களா?

உபுண்டு பக்கம் கூட்டம் அதிகம். 2004இல் முதல் வெளியீடு வந்ததிலிருந்தே புதியவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுப் பழகிய இடம், யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். ஆஸ்க் உபுண்டு என்ற கேள்வி-பதில் தளத்தில் கேள்வி போட்டால் பெரும்பாலும் அன்றைக்கே ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். அந்த 'ஏதாவது' என்பதில்தான் சிக்கல். அங்கே பதில்கள் ஓட்டு வாங்கி மேலே போகின்றன, ஓட்டுக்கு வயதாவதில்லை, மென்பொருளுக்கு ஆகிறது. சர்வருக்கு நிலையான ஐபி முகவரி வைப்பது எப்படி என்று தேடினால், நெட்வொர்க் அடைவில் உள்ள இன்டர்ஃபேசஸ் ஃபைலைத் திருத்தச் சொல்லும் பழைய பதில் இன்னமும் நூற்றுக்கணக்கான ஓட்டோடு நிமிர்ந்து நிற்கலாம். உபுண்டு 17.10இலிருந்து நெட்வொர்க் அமைப்புக்கு நெட்பிளான் என்ற கருவி வந்துவிட்டது, அந்த ஃபைலைத் திருத்தினால் புதிய சர்வரில் ஒன்றும் நடக்காது. அதேபோல 15.04இல் சர்வீஸ்களை இயக்க சிஸ்டம்டி வருவதற்கு முன்பு, அந்த வேலையை அப்ஸ்டார்ட் செய்த காலத்துப் பதில்கள், ரிசால்வ் கான்ஃப் ஃபைலைக் கையால் திருத்து என்கிற பதில்கள், இதெல்லாம் இன்றைக்குப் பயன்படாது, சில சமயம் கெடுதலும் செய்யும். பதிலை நம்புவதற்கு முன் தேதியைப் பாருங்கள், அப்புறம் கீழே உள்ள கமெண்ட்களைப் பாருங்கள். "22.04இல் இது வேலை செய்யவில்லை" என்று யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருப்பார், பல நேரம் சரியான பதில் அந்தக் கமெண்ட்டில்தான் கிடக்கும்.

ஆயுள் முடிந்த வெளியீட்டைப் பற்றிக் கேட்டால் ஆஸ்க் உபுண்டுவில் கேள்வியை மூடிவிடுவார்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) இல்லாத வெளியீடுகளுக்கு 9 மாதம்தான் ஆயுள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆப்ட் அப்டேட் கொடுத்தால் 404 என்று வரிசையாக வருகிறது, இணையம் சரியாகத்தான் இருக்கிறது, என்ன கொடுமை இது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம். பேக்கேஜ்களெல்லாம் பழைய வெளியீடுகளுக்கான தனி சர்வருக்குப் போய்விட்டிருக்கும். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸை ஓட்டிய ஆட்களுக்கு இதே கதை 2024 ஜூன் 30க்குப் பிறகு நடந்தது. மிரர்லிஸ்ட் முகவரியே கிடைக்கவில்லை என்று யம் கட்டளை கைவிரித்துவிட்டது. நம் ஊரில் எத்தனை கம்பெனிகளில் அந்த 7 இன்னும் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. ரெப்போ ஃபைல்களை பழைய பேக்கேஜ்கள் இருக்கும் வால்ட் சர்வரை நோக்கித் திருப்பிவிடும் ஒரு எஸ்இடி கட்டளை கைக்குக் கை பரவியது. நல்ல உதவியாளர் யார், சும்மா கைதட்டல் வாங்க வந்தவர் யார் என்று அங்கே தெளிவாகப் பிரிந்தது. இப்படிச் செய்தால் பேக்கேஜ் நிறுவ முடியும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றும் வராது, அதற்கு மாற்றாக வந்த அல்மாவுக்கோ ராக்கிக்கோ மாறும் வழியைப் பார் என்று முதல் வரியிலேயே எழுதியவர்கள் உண்டு. கட்டளையை மட்டும் ஒட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆர்ச் லினக்ஸ் பற்றிப் பயமுறுத்துவார்கள், ரொம்பத் திமிர் பிடித்த கூட்டம் என்று. அப்படி இல்லை. அவர்களுடைய விதிகள் எழுத்தில் இருக்கின்றன, எழுதியபடியே நடக்கிறார்கள், நமக்குத்தான் விதி என்றால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது என்று பழக்கமாகிவிட்டது. அவர்களுடைய இணைய மன்றத்தில் கணக்குத் தொடங்கும்போதே ஒரு கட்டளையைக் கொடுத்து அதன் வெளியீட்டை ஒட்டச் சொல்வார்கள், டெர்மினலைத் திறக்கத் தெரியாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். மஞ்சாரோ மாதிரி ஆர்ச்சிலிருந்து பிறந்தவற்றைப் பற்றிக் கேட்டால் உன் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) ஆட்களிடம் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதில் மாற்றுக் கருத்து எனக்குக் கொஞ்சம் உண்டு, பல சிக்கல்கள் இரண்டுக்கும் பொதுவானவைதானே. ஆனால் அவர்களுடைய விக்கி இருக்கிறதே, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். டெபியன் ஓட்டுகிறவரும் ஃபெடோரா ஓட்டுகிறவரும் திறப்பது அதைத்தான். பேக்கேஜ் பெயரும் நிறுவும் கட்டளையும் மட்டும் மாறும், மற்றபடி எல்விஎம், எஸ்எஸ்எச், வயர்கார்டு, எதை எடுத்தாலும் இவ்வளவு சுத்தமான விளக்கம் காசு கொடுத்து வாங்கும் கையேடுகளிலேயே அபூர்வம். அதை எழுதியவர்களும் நம்மைப் போன்ற பயனர்கள்தான்.

ஃப்ரீபிஎஸ்டி பக்கம் ஆட்கள் குறைவு, ஆழம் அதிகம். கேள்வி கேட்டால் கையேட்டின் எந்த அத்தியாயம் என்று முதலில் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் பதில் நிஜமாகவே அங்கே இருக்கும், அதுதான் அவமானம். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்த ரெய்டு-இசட் பூலில் ஒரு டிஸ்க் செத்துவிட்டால் புது டிஸ்க்கை மாட்டி இசட்பூல் ரீப்ளேஸ் கொடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் இசட்பூல் ஆட் கொடுப்பார்கள், பெயரைப் பார்த்தால் அதுதான் சரி என்று தோன்றும். சிஸ்டமே 'ரெப்ளிகேஷன் லெவல் பொருந்தவில்லை, வேண்டுமானால் எஃப் போட்டுக் கட்டாயப்படுத்து' என்று எச்சரிக்கும். அந்த எஃப் போட்டீர்களோ, ஒற்றை டிஸ்க் ஒன்று பூலில் தனி அங்கமாகச் சேர்ந்துவிடும், ரெய்டு-இசட் இருக்கும் பூலிலிருந்து அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது, அந்த ஒன்று போனால் பூல் மொத்தமும் போய்விடும். இந்த விஷயத்தில் அங்குள்ள ஆட்கள் கழுகுக் கண். யாராவது ஆட் என்று எழுதிய மறு நிமிடம் ஐந்தாறு பேர் "என்டர் தட்டாதே, முதலில் இசட்பூல் ஸ்டேட்டஸைக் காட்டு" என்று கத்துவார்கள். எதையும் மாற்றுவதற்கு முன் பெக்டெல் கட்டளையில் சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஒரு பூட் என்விரான்மென்ட்டாக எடுத்து வை என்பதும் அவர்கள் ஓயாமல் சொல்வது. அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இப்போது வயிற்றெரிச்சல் பகுதி. டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் லினக்ஸ் உதவி என்று பெயர் போட்டு ஓடும் குழுக்களில் பலவற்றில் நான் இருந்திருக்கிறேன், ஒன்றின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் அது தனி ஒரு குழுவின் குறையும் இல்லை. பழைய உரையாடலைத் தேடி எடுக்க முடியாது, செல்போனில் எடுத்த கோணல் படத்தில் பிழைச் செய்தி பாதி வெட்டுப்பட்டிருக்கும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே காலை வணக்கப் படங்கள் வரும். பதில் சொல்பவரைச் சரிபார்க்க வேறு ஆளும் இருக்க மாட்டார். ஒருவர் வெப் சர்வரில் பெர்மிஷன் டினைடு வருகிறது என்று கேட்டார். வந்த பதில், ப்ரோ சிஎச்மோட் 777 அடிங்க, மைனஸ் பெரிய ஆர் போட்டு மொத்தமா அடிங்க. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று அனுமதியைத் திறந்துவிடும் கட்டளை அது. அவர் அடித்தார், அதுவும் புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவு மொத்தத்துக்கும் மேலே. அடுத்த கேள்வி, சூடோ வேலை செய்யவில்லை. செய்யாது, நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோவுக்கு அந்த உரிமையைத் தரும் செட்யூஐடி பிட் வேண்டும், அதை 777 துடைத்துவிட்டது. இதே அடியை ஹோம் அடைவில் அடித்தால் தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆகிவிடும், எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொட மாட்டேன் என்று மறுத்துவிடும். டெபியன் அறையிலோ ஆஸ்க் உபுண்டுவிலோ இந்தப் பதில் வந்திருந்தால் அடுத்த நிமிடமே நாலு பேர் பாய்ந்திருப்பார்கள். சக பயனர் உதவியில் என் முதல் அளவுகோல் இதுதான்: தப்பான பதிலைப் பார்த்தால் குறுக்கே விழுந்து தடுக்க அங்கே ஆள் இருக்கிறதா. இல்லையென்றால் எவ்வளவு நட்பான இடமாக இருந்தாலும் சர்வர் விஷயத்துக்கு ஆகாது.

முகம் தெரியாதவரை நம்புவதிலும் ஒரு எல்லை உண்டு, அதை 2024இல் எல்லோரும் பார்த்தோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கல் கருவியில், உதவி செய்கிறேன் என்று வந்து 2 வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்கதவு வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தன் டெபியன் மெஷினில் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டிப் பார்த்தவர், மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார். கெடுத்ததும் முகம் தெரியாதவர், காப்பாற்றியதும் முகம் தெரியாதவர். ஆகவே யாரோ கொடுத்த கட்டளையில் இணையத்திலிருந்து எதையோ இறக்கி நேராக சூடோ பேஷுக்குள் குழாய் விடும், அதாவது படிக்காமலே நிர்வாகி உரிமையில் ஓட்டும் வரி இருந்தால், முதலில் அந்த ஸ்கிரிப்டைத் தனியாக இறக்கித் திறந்து படியுங்கள். லாக் ஒட்டும்போது பொது ஐபியையும் பாஸ்வேர்டையும் மறைத்துவிட்டு ஒட்டுங்கள். கேள்வி கேட்கத் தொடங்கும் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தை உடைத்தவர்கள் பயனர் கணக்கு விவரங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

சாட்பாட்டிடம் கேட்டால் என்ன என்பீர்கள். ஆரம்பத்துக்குப் பரவாயில்லை, பிழைச் செய்தியை விளக்கச் சொல்லலாம். ஆனால் இல்லாத விருப்பங்களைக்கூட இருப்பதாகத் தைரியமாகச் சொல்லும், நகலெடுத்து வைத்தாயா என்று அதுவாகக் கேட்பது அரிது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அந்த மாதிரிப் பதில்களுக்குத் தடை போட்டது சும்மா இல்லை.

தமிழில் கேட்க இடம் உண்டா என்றால், உண்டு. சென்னையில் ஐஎல்யூஜிசி என்ற லினக்ஸ் பயனர் குழு பழையது, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தொடர்ந்து கூடுகிறது, விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு சுற்றுவட்டார மாணவர்களை வைத்து நிறைய வேலை செய்கிறது. கணியம் இதழ் 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. இங்கெல்லாம் வெட்கப்படாமல் கேட்கலாம், 'அண்ணா, எனக்கு டெர்மினல்னாலே பயம்' என்று தொடங்குகிற கல்லூரிப் பெண்ணுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஆழமான கர்னல் சிக்கலுக்கு இங்கே எல்லா நேரமும் ஆள் கிடைக்காது, அது உண்மை. ஆனால் சில சிக்கல்களுக்கு இவர்களை விட்டால் வேறு கதி கிடையாது. டெர்மினலில் தமிழ் ஃபைல் பெயர்கள் உடைந்து தெரிகின்றன, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகை வேண்டும். பழைய டிஎஸ்சிஐஐ எழுத்துக் குறியீட்டு முறையிலோ பாமினி எழுத்துருவிலோ கிடக்கும் அலுவலகக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதையெல்லாம் ஐரோப்பாக்காரரிடம் கேட்டால் கேள்வியைப் புரியவைக்கவே அரைநாள் ஆகும். இங்கே பாமினி என்ற ஒரு சொல் போதும்.

இங்கிலீஷ் சரியாக வராது என்று தயங்கித்தான் நம் ஆட்கள் பலர் சர்வதேச இடங்களுக்குப் போவதில்லை. அங்கே இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை, பதில் சொல்பவர்களிலேயே பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இதோ வெளியீடு. நாலு உடைந்த வாக்கியம் போதும். "கேட்கலாமா சார்" என்று அனுமதி கேட்டுக் காத்திருக்காதீர்கள், நேராகக் கேளுங்கள். தனிச் செய்தியில் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள், அங்கே சொல்லும் பதிலைச் சரிபார்க்க ஆள் இல்லை. இன்னொன்று, நீங்களே யோசித்து வைத்திருக்கும் தீர்வைப் பற்றிக் கேட்காமல் மூலப் பிரச்சினையைக் கேளுங்கள். ஃபைல் பெயரில் கடைசி மூன்று எழுத்தை எடுப்பது எப்படி என்று கேட்டுவிட்டு, ஒரு மணிநேரம் கழித்து எனக்கு வேண்டியது எக்ஸ்டென்ஷன்தான் என்று சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். எக்ஸ்டென்ஷனுக்கு எப்போதும் மூன்று எழுத்தா என்ன. நேரமும் முக்கியம். நம் ஊர் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை ஐரோப்பாவில் மாலை, அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை, அப்போதுதான் ஐஆர்சி அறைகளில் ஆள் நடமாட்டம். காலை பத்து மணிக்குக் கேட்டுவிட்டு ஜன்னலை மூடிவிட்டுப் போனால் பதில் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள். சரியானதும் எப்படிச் சரியானது என்று அதே இடத்தில் எழுதிவிட்டுப் போங்கள். "சால்வ்டு, தேங்க்ஸ்" என்று மட்டும் முடிகிற பழைய கேள்விகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யாருக்கு இது சரிப்படாது என்றும் சொல்ல வேண்டும். மெஷின் ஒரு மணிநேரம் நின்றால் லட்சக்கணக்கில் போகும், அல்லது நோயாளி காத்திருப்பார் என்கிற இடத்தில் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். யாருக்கும் உங்களுக்குப் பதில் சொல்லும் கடமை கிடையாது, தீபாவளி அன்றைக்கு உங்கள் சர்வர் விழுந்தால் ஆள் இருக்கலாம், கிறிஸ்துமஸ் அன்றைக்கு விழுந்தால் சந்தேகம்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு ரெட் ஹாட் கம்பெனியின் லினக்ஸ் சந்தா வாங்குங்கள், வாங்கும்போது ஸ்டாண்டர்டா பிரீமியமா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டர்டு அலுவலக நேரத்துக்கு மட்டும்தான், ராத்திரியிலும் ஆள் வேண்டுமென்றால் பிரீமியம் எடுக்க வேண்டும், சேல்ஸ் ஆள் இதை அழுத்திச் சொல்ல மாட்டார்.